கணக்குக் கேட்டால் ஏன் கசக்கிறது?

2025 மார்ச் மாதம், அமெரிக்கக் கல்வித் துறையின் ஊழியர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேரை வேலையிலிருந்து அனுப்புவதாக டிரம்ப் அரசு அறிவித்தது. பள்ளிகளில் இனப்பாகுபாடு நடந்தால் புகார் கொடுக்கக்கூடிய இடம், அந்தத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம். அதற்கு இருந்த 12 மண்டல அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. அதற்கு ஒரு மாதம் முன்பே, கல்வி ஆய்வுகளுக்காகப் போடப்பட்டிருந்த பல கோடி டாலர் ஒப்பந்தங்கள் ஒரே வீச்சில் ரத்து செய்யப்பட்டன. நாடு முழுவதற்கும் பள்ளிப் புள்ளிவிவரம் திரட்டும் தேசிய மையத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சினார்கள்.

நம்மூரில் விசா செய்திகளுக்கும் இறக்குமதி வரிச் செய்திகளுக்கும் நடுவில் இது காணாமல் போனது. 'அவன் நாட்டு அலுவலகத்தை அவன் மூடுகிறான், நமக்கென்ன' என்று கடந்து போகலாம்தான். ஆனால் சாதி ஒழிப்பு பேசுகிற நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. சமத்துவத்தைப் பிடிக்காத ஓர் அரசு வந்து உட்கார்ந்ததும் முதலில் கைவைத்தவற்றில் ஒன்று, கணக்கு. எந்தப் பள்ளியில் யார் படிக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு பணம் போகிறது, யார் தண்டிக்கப்படுகிறார்கள், யார் பாதியில் வெளியேறுகிறார்கள் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி உருவானது, அதை யார் உருவாக்கினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று சில காலமாகத் தேடிப் படித்து வருகிறேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: அமெரிக்கக் கல்வியில் இனச் சமத்துவம் ஓர் அடி நகர்ந்த ஒவ்வொரு முறையும், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். அந்த எண்ணை வேறு யாரோ ஒருவர் தெருவுக்குக் கொண்டுபோயிருக்கிறார். இரண்டில் ஒன்று இல்லாதபோது எதுவும் நகரவில்லை.

எழுதத் தெரிந்தால் குற்றம்

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரம் நமக்குத் தெரியும். அமெரிக்காவில் அது சட்டமாகவே இருந்தது. தென் கரோலினாவில் 1740-ல் வந்த சட்டம், அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. 1867-ல் அமெரிக்காவின் முதல் கல்வித் துறை தொடங்கப்பட்டபோது அதற்குக் கொடுக்கப்பட்ட முதன்மையான வேலை, நாடெங்கும் பள்ளிப் புள்ளிவிவரம் திரட்டுவது. மேலே சொன்ன மையத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் அரசு எண்ணுவதற்காகக் கறுப்பின மக்கள் காத்திருக்கவில்லை. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்ற சமூகவியல் பேராசிரியர் இருந்தார். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அவரும் அவருடைய மாணவர்களும் ஏறத்தாழ 60 வரைபடங்களைக் கையால் வரைந்து, வண்ணம் தீட்டி எடுத்துப்போனார்கள். அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்து 35 ஆண்டுகளே ஆன மக்கள் எவ்வளவு நிலம் வாங்கியிருக்கிறார்கள், எத்தனைபேர் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறார்கள் என்பதையெல்லாம் அந்தப் படங்கள் காட்டின. 'இவர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள்' என்று ஐரோப்பிய, அமெரிக்க 'விஞ்ஞானிகள்' எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது டு பாய்ஸுக்கு வயது 32.

அடுத்த ஆண்டு அவர் செய்த வேலை இன்னும் கூர்மையானது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளுக்குச் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தார். 'எங்கள் வரிப்பணத்தில் கறுப்பர்கள் படிக்கிறார்கள்' என்பது வெள்ளையர்களின் நிரந்தரப் புலம்பல். வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டு பாய்ஸ் வந்தடைந்த முடிவு நேர் எதிரானது: ஒருசில நகரங்களைத் தவிர்த்தால், கறுப்பினப் பள்ளிகள் வெள்ளையர்களின் வரிப்பணத்தில் நடக்கவில்லை. 'எங்கள் வரிப்பணம்' என்ற வசனத்தை உதவித்தொகைப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்டுப் பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1946-ல் அண்ணல் அம்பேத்கர் இதே டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். தீண்டப்படாத மக்களின் நிலைக்கும் கறுப்பின மக்களின் நிலைக்கும் இருக்கும் ஒற்றுமையால் அந்த மனுவைப் படிப்பது தனக்கு அவசியம் என்று கருதினார். டு பாய்ஸ் அதே ஆண்டு ஜூலையில் பதில் எழுதினார். இந்தப் பேச்சை இன்று நாம் தொடர்வதில் புதுமை ஒன்றும் இல்லை. பெரியவர்கள் தொடங்கி வைத்தது.

ஒரு பேருந்தில் தொடங்கியது

தென் கரோலினாவில் கிளாரெண்டன் என்றொரு மாவட்டம். 1949-50 கல்வியாண்டில் அங்கே ஒரு வெள்ளைக் குழந்தைக்கு அரசு செலவழித்தது 179 டாலர். ஒரு கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. மைல் கணக்கில் நடந்தார்கள்.

பெற்றோர்கள் முதலில் கேட்டது ஒரே ஒரு பேருந்து. அதுவும் மறுக்கப்பட்டபோது வழக்கு வந்தது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தவர். வேலை போனது. விடுதியில் பணிப்பெண்ணாக இருந்த அவர் மனைவி எலைசாவின் வேலையும் போனது. மக்களைத் திரட்டிய போதகர் ஜோசப் டிலேனின் வீடு எரிக்கப்பட்டது. பிறகு அவருடைய தேவாலயமும் எரிக்கப்பட்டது. கடைசியில் அவர் மாநிலத்தை விட்டே தப்பி ஓட வேண்டியிருந்தது. ஊர்க் கட்டுப்பாடு, வேலை மறுப்பு, குடிசை எரிப்பு: நமக்கு இந்த வரிசை மனப்பாடம்.

வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் 180 பேருக்காகக் கட்டப்பட்ட கறுப்பினப் பள்ளியில் 450-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். இடம் போதாதவர்களைத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் உட்கார வைத்தார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி பள்ளி முழுவதையும் வேலைநிறுத்தத்தில் இறக்கினார். அந்தப் போராட்டமும் வழக்கானது. கிளாரெண்டன், ஃபார்ம்வில் உட்படப் பல ஊர்களின் வழக்குகள் ஒன்று சேர்ந்துதான் 1954 மே 17 அன்று 'பிரவுன்' தீர்ப்பாக வந்தன. பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் கென்னத் கிளார்க் என்ற உளவியலாளரின் பெயர் இருக்கிறது. அவரும் அவர் துணைவியார் மேமி கிளார்க்கும் நிறத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரேமாதிரியான பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வைத்தார்கள். வயது 3 முதல் 7 வரை. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னைப்போல் இருக்கிறது? பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். 'எது உன்னைப்போல்' என்ற கேள்வி வந்தபோது சில குழந்தைகள் அழுதார்கள்.

இந்த ஆய்வைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. நீதிமன்றம் கறுப்பினக் குழந்தையின் மனக்காயத்தைப் பார்த்தது. அந்தக் காயத்தை உண்டாக்கிய வெள்ளை மேலாதிக்கத்தைப் பார்க்கவில்லை. சமூக விஞ்ஞானிகள் நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கையில், இனப் பிரிவினை வெள்ளைக் குழந்தைகளையும் கெடுக்கிறது என்று எழுதியிருந்தார்கள். தீர்ப்பில் அந்தப் பகுதி காணாமல் போனது. விளைவு என்ன? 'பாதிக்கப்பட்டவர்களைச் சரிசெய்ய வேண்டும்' என்பது மிஞ்சியது. 'பாதித்தவர்களை மாற்ற வேண்டும்' என்பது விட்டுப்போனது.

அந்த விடுபடலின் விலை பெரிது. பள்ளிகளை ஒன்றாக்கியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். 1954-க்கும் 1965-க்கும் இடையில் தெற்கு, எல்லை மாநிலங்கள் 17-ல் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலையிழந்தார்கள். ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வைப்பதைவிட அரசுப் பள்ளிகளையே மூடிவிடுவது மேல் என்று 1959-ல் பூட்டியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள். பல கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டுகள் பள்ளியே இல்லை.

2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த 38,000 என்ற எண்ணுக்குப் புது அர்த்தம் கொடுத்தது. வட கரோலினா மாநிலத்தின் பள்ளிப் பதிவேடுகளை எடுத்துப் பொருளாதார அறிஞர்கள் பார்த்தார்கள். மிகவும் ஏழ்மையான கறுப்பினச் சிறுவர்கள் 3 முதல் 5 வரையான வகுப்புகளில் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்திருந்தால், அவர்கள் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைந்தது. ஒரே ஒரு ஆசிரியர்! 38,000 பேரை வெளியே அனுப்பியபோது எத்தனை பிள்ளைகளின் படிப்பு அவர்களோடு சேர்ந்து போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இடைவெளியா, கடனா?

கணக்கு எடுத்தால் போதும், நியாயம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதே எண்ணை வைத்துக்கொண்டு நமக்கு எதிராகவும் பேசலாம். 1964-ன் குடிமை உரிமைச் சட்டம் கேட்டபடி ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆய்வு செய்து 1966-ல் அறிக்கை கொடுத்தார். மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்றது அறிக்கை. அதற்குள் இருந்த நுணுக்கங்களை விட்டுவிட்டு, 'பள்ளிக்குப் பணம் கொடுத்து என்ன பயன், வீடு சரியில்லையே' என்று பலர் பேச ஆரம்பித்தார்கள். 'அந்த வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு எங்கே ஏறும்' என்று நம் ஆசிரியர் அறைகளில் கேட்கும் அதே குரல்.

பணத்தின் கதையை டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோ நகரில் பார்க்கலாம். எட்ஜ்வுட் பகுதியில் பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியினர். ஆலமோ ஹைட்ஸ் பகுதியில் பெரும்பாலும் வெள்ளையர். பள்ளிக்கான பணத்தில் ஒரு பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வரும். எட்ஜ்வுட் மக்கள் அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். ஆனால் அவர்கள் வீடுகளின் மதிப்பு குறைவு. 1967-68-ல் எல்லா நிதியையும் சேர்த்து எட்ஜ்வுட் மாணவருக்குக் கிடைத்தது 356 டாலர். ஆலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலர். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தொழிலாளி சக பெற்றோருடன் வழக்குப் போட்டார். 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. கல்வி என்பது அமெரிக்க அரசியல் சட்டம் உறுதிசெய்த அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. 2019-ல் எட்பில்டு என்ற அமைப்பு மறுபடி கணக்குப் போட்டது. வெள்ளையர் அல்லாத மாணவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மாவட்டங்களுக்கும் வெள்ளை மாணவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் மாவட்டங்களுக்கும் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் முதல் வகைக்கு ஆண்டுக்கு 2,300 கோடி டாலர் குறைவாகப் போனது.

இத்தனைக்கும் பிறகு ஆண்டுதோறும் தேர்வு முடிவு வந்தவுடன் அங்கே பேசப்படுவது 'சாதனை இடைவெளி' பற்றி. வெள்ளை மாணவர் இவ்வளவு, கறுப்பின மாணவர் இவ்வளவு, நடுவில் இடைவெளி இவ்வளவு. 2006-ல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சங்கத்தின் தலைவராக இருந்த குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற கறுப்பினப் பேராசிரியர், தன் தலைமையுரையில் இந்தச் சொல்லையே தூக்கி எறிந்தார். இடைவெளி என்று சொல்லாதீர்கள், கடன் என்று சொல்லுங்கள் என்றார். ஓர் அரசின் பட்ஜெட்டில் ஓர் ஆண்டு விழும் துண்டு வேறு, ஆண்டாண்டாகச் சேர்ந்த கடன் வேறு. இந்த ஆண்டு மதிப்பெண்ணில் தெரிவது துண்டு. படிப்பே தடைசெய்யப்பட்டிருந்த காலம், பாதிப் பணம் கொடுத்த காலம், வாக்குரிமை பறித்துப் பள்ளி நிர்வாகத்தில் குரலில்லாமல் செய்த காலம், இவை எல்லாம் சேர்ந்தது கடன். வரலாறு, பொருளாதாரம், சமூக அரசியல், அறம் என்று நான்கு வகையாக அந்தக் கடனை அவர் பிரித்துக் காட்டினார்.

எனக்கு இந்த உரை முக்கியமாகப் படுவது ஒரே காரணத்துக்காக. 'இடைவெளி' என்றால் பின்தங்கிய குழந்தை ஓடி வந்து பிடிக்க வேண்டும். 'கடன்' என்றால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். எண் அதே எண்தான். பெயர் மாறியதும் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிடுகிறது.

நான்கு வயதுக் குழந்தையைச் சஸ்பெண்ட் செய்வது

தெருவும் ஆய்வும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பள்ளித் தண்டனைகளின் கதை நல்ல எடுத்துக்காட்டு. 1968 முதல் அமெரிக்க அரசு பள்ளிகளிடமிருந்து இனவாரியான விவரங்களைக் கேட்டு வாங்கியது. 1975-ல் மரியன் ரைட் எடெல்மன் தொடங்கிய குழந்தைகள் பாதுகாப்பு நிதியம் அந்த விவரங்களைப் பிரித்துப் பார்த்து, கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகச் சஸ்பெண்ட் செய்யப்படுகிறார்கள் என்று வெளியிட்டது. 'அவர்கள் அதிகமாகத் தப்புச் செய்கிறார்கள், அதனால் அதிகத் தண்டனை' என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை உடைக்க 2002 வரை ஆனது. ரஸல் ஸ்கிபாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு நகரத்தின் 19 நடுநிலைப் பள்ளிகளில் 11,001 மாணவர்களின் தண்டனைப் பதிவுகளை எடுத்து, 'என்ன காரணத்துக்காக' என்ற பத்தியைப் பார்த்தார்கள். வெள்ளை மாணவர்கள் அதிகம் மாட்டியது புகைபிடித்தல், பொருட்களை உடைத்தல், சொல்லாமல் வெளியே போதல் போன்றவற்றுக்கு. கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய குற்றங்கள். கறுப்பின மாணவர்கள் அதிகம் மாட்டியது மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டும் தோரணை போன்றவற்றுக்கு. ஆசிரியரின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பொறுத்த குற்றங்கள். 'திமிரா நிக்கிறான்', 'பார்வையே சரியில்ல' என்றெல்லாம் நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தவைதான்.

2014-ல் அரசு வெளியிட்ட விவரம் இன்னும் கொடுமை. முன்பள்ளிக் குழந்தைகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 விழுக்காடு. ஒரு முறைக்கு மேல் சஸ்பெண்ட் செய்யப்பட்ட முன்பள்ளிக் குழந்தைகளில் அவர்கள் 48 விழுக்காடு. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வயதில் என்ன ஒழுங்கீனம் செய்துவிட முடியும்?

கலிஃபோர்னியாவில் மாணவர்களும் பெற்றோர்களும் இந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு பள்ளி வாரியக் கூட்டங்களுக்குப் போனார்கள். 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற ஒரு பிரிவில்தான் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்று காட்டினார்கள். 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வாரியம் அந்தக் காரணத்துக்காகச் சஸ்பெண்ட் செய்வதை நிறுத்தியது. 2014-ல் மாநிலச் சட்டம் 3-ஆம் வகுப்பு வரை தடை செய்தது. 2019-ல் நடுநிலை வகுப்புகளுக்கும், 2023-ல் உயர்நிலை வகுப்புகளுக்கும் தடை நீண்டது. பத்தாண்டு வேலை. எண்ணியவர்கள் ஒருபக்கம், கத்தியவர்கள் ஒருபக்கம்.

இப்போது 2025-க்கு வாருங்கள். ஏப்ரல் 23 அன்று டிரம்ப் இரண்டு ஆணைகளில் கையெழுத்திட்டார். ஒரு விதி பார்க்க எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், அதன் விளைவு ஓர் இனத்தை மட்டும் அதிகம் தாக்கினால் அதைப் பாகுபாடாகக் கொள்ளலாம் என்ற அணுகுமுறையைக் கைவிடச் சொல்கிறது ஒன்று. பள்ளித் தண்டனைகளில் இனவாரி விகிதத்தைப் பார்க்காதே என்கிறது மற்றொன்று. விளைவைப் பார்க்கக் கூடாது என்றால், 48 விழுக்காடு என்ற எண்ணுக்கு இனி அர்த்தமே இல்லை.

தகுதி யாருடையது?

இந்த ஆணைகளுக்கு முன்னோடியாக, 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிராகப் போடப்பட்ட வழக்கு. வாதம் நமக்குப் பழக்கமானதே: தகுதி, திறமை. அதே வழக்கில் வெளியே வந்த ஹார்வர்டின் ஆவணங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அங்கே இடம்பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் மேல் விளையாட்டு ஒதுக்கீட்டிலோ, முன்னாள் மாணவரின் பிள்ளை, பேராசிரியரின் பிள்ளை, நன்கொடையாளருக்கு வேண்டியவர் என்ற வழியிலோ வந்தவர்கள். அவர்களைச் சாதாரண வெள்ளை விண்ணப்பதாரராக நடத்தியிருந்தால் நான்கில் மூன்று பேருக்கு இடம் கிடைத்திருக்காது. இதைக் கணக்கிட்டவர்களில் முதன்மையானவர், ஹார்வர்டை எதிர்த்து வழக்குப் போட்ட தரப்பின் நிபுணர்! பரம்பரைக்கான கதவை அந்தத் தீர்ப்பு மூடவில்லை. அப்பன் படித்த கல்லூரியில் மகன் படிப்பது தகுதி. அப்பனைப் படிக்க விடாத கல்லூரியில் மகள் இடம் கேட்பது சலுகை.

நம் பதிவேடுகளில் இல்லாத பத்தி

எங்கள் பகுதியில் சில ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். அங்கே வரும் ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனான். கையில் வண்ணக் கயிறு கட்டிய கூட்டம் அவனை அடித்தது. சொல்லப் போனவனுக்குப் 'பிரச்சினை பண்றவன்' என்று பெயர் கிடைத்தது. அவனுடைய மாற்றுச் சான்றிதழை அவன் அம்மா கொண்டுவந்து காட்டினார். பள்ளியை விட்டு நீங்கக் காரணம்: பெற்றோர் விருப்பம். 'நான் எங்க சார் கேட்டேன்? அவங்களா எழுதிக் குடுத்துட்டாங்க' என்றார். ஒழுக்கம் என்ற இடத்தில் 'நன்று' என்றிருந்தது. அந்தத் தாளில் அடி இல்லை, கயிறு இல்லை, சாதி இல்லை. நாளை ஒருவர் வந்து ஆய்வு செய்தால், அந்தப் பையன் தன் குடும்பத்தின் விருப்பத்தால் படிப்பை விட்டவனாகத்தான் கணக்கில் வருவான்.

நம்மிடம் எண்ணே இல்லை என்று சொல்ல மாட்டேன். சேர்க்கையும் இடைநிற்றலும் சமூகப் பிரிவுவாரியாக அரசிடம் இருக்கின்றன. ஆனால் யார் தண்டிக்கப்பட்டார்கள், என்ன காரணம் சொல்லி, எந்தப் பிள்ளையின் கையில் துடைப்பம் கொடுக்கப்பட்டது, எந்தப் பிள்ளையின் பெற்றோர் 'விருப்பப்பட்டு' சான்றிதழ் வாங்கினார்கள் என்பதைச் சாதிவாரியாகத் தொகுத்து வெளியிடும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. நாங்குநேரியில் 2023-ல் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. வகுப்பறையில் ஆசிரியரின் கைக்குக் குழந்தையின் சாதி தெரிய வேண்டியதில்லை. ஆனால் மாநிலத்தின் தொகுப்புக் கணக்கில் தண்டனையின் சாதி தெரிந்தே ஆக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'சாதியைக் கேட்பதே சாதியம்' என்று பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்காவில் 'நிறம் பார்க்காத சமத்துவம்' என்று பேசுவதும் இதே ஆட்கள்தான். 1931-க்குப் பிறகு முழுமையான சாதிவாரிக் கணக்கெடுப்பே இல்லாமல் இந்த நாடு இத்தனை காலத்தை ஓட்டியதும் இதே வாதத்தில்தான். 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசு சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டது மக்கள் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது.

தோழர்களே, நீங்கள் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். சிலர் ஆய்வு மாணவர்கள். கல்வியியலோ சமூகவியலோ புள்ளியியலோ படிப்பவர்களிடம் நான் கேட்பது இது: உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர், எந்தப் பிரிவினர், என்ன காரணம் எழுதப்பட்டது என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். பிறகு காரணம் என்ற பத்தியில் எழுதியிருப்பது உண்மையா என்று அந்தந்த அம்மாக்களிடம் போய்க் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்கள் தெருப் பெற்றோர் உறுப்பினராக இருந்தால், அந்த எண்ணை அவர் கையில் கொடுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

கிளாரெண்டன் மக்கள் 179-ஐயும் 43-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவர்களிடம் பல்கலைக்கழகம் இல்லை, நிதி இல்லை, ஒரு பேருந்துகூட இல்லை. கணக்கு மட்டும் கையில் இருந்தது. நம் பிள்ளைகளின் பெயரில் எழுதப்படும் பொய்க் கணக்கைத் திருத்துவது நம் வேலை. அதை நமக்காக வேறு யாரும் செய்யப் போவதில்லை.